வாசலில் ஒரு பாறை: இல் த லா பாஸ் பீரங்கித் தளம்

மொரீஷியஸின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் விரிகுடாவின் பெயரைக் கிரியோல் மொழி பேசுகிறவர்கள் சொல்வதைக் கேட்டால் 'கிரான் போர்' என்றுதான் காதில் விழும். பிரெஞ்சில் அதற்குப் பெரிய துறைமுகம் என்று பொருள். இந்தியாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அந்தப் பெயரைக் கேட்டதும், "இங்கே அப்படி என்ன பெரும் போர் நடந்தது?" என்றார். அவர் கேட்டது தவறே இல்லை. இங்கே நடந்தது பெரும் போர்தான். பாரிஸில் நெப்போலியன் எழுப்பத் தொடங்கிய வெற்றி வளைவின் கல்லில் அவனுடைய வெற்றிகளின் பெயர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் கடலில் கிடைத்த ஒரே வெற்றி இந்தக் கிரான் போர்தான்.

அந்தச் சண்டையின் பூட்டும் சாவியும் ஒரு சின்னப் பாறைத் தீவு. மஹெபூர் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், கரையை ஒட்டிய ஆழமற்ற லகூனின் பச்சைத் தண்ணீர் முடிந்து வெள்ளை நுரை தொடங்கும் இடத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். பரப்பு இரண்டு ஹெக்டேர் போல இருக்கும். பெயர் இல் த லா பாஸ். பவளப்பாறைத் திட்டான பாரில் கப்பல் நுழையக்கூடிய இடைவெளியை இங்கே மீனவர்கள் 'லாபாஸ்' என்பார்கள். அந்த இடைவெளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் தீவுக்கும் அந்தப் பெயர் வந்தது. தமிழில் வைப்பதானால் வாசல் தீவு எனலாம்.

தீவில் இன்று ஆள் கிடையாது. இடிந்த பாசறைச் சுவர்களும், தடித்த கூரையுடைய வெடிமருந்துக் கிடங்கும், மழைநீர்த் தொட்டிகளும், கடலை நோக்கிய பீரங்கி மேடைகளும் மிச்சம். இவற்றோடு இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சும் சூளை ஒன்றும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டத் தொடங்கிய தளத்தில் பின்னால் வந்தவர்கள் இடிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தார்கள். சுற்றுலாப் படகில் போகிறவர்கள் அரை மணி நேரம் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தீவுக்கு மீன் சுடப் போய்விடுகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது, அங்கே நிழல் குறைவு.

இவ்வளவு சிறிய பாறையில் ஒரு பேரரசு ஏன் பீரங்கி வைத்தது என்பதற்குக் காற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

மொரீஷியஸில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று வீசும். நம் மீனவர் கணக்கில் கொண்டலுக்கும் சோழகத்துக்கும் இடைப்பட்ட திசை. எங்கள் குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் அது நிற்கவே நிற்காது. கிரான் போர் விரிகுடா அந்தக் காற்றுக்கு நேராக வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. பாய்மரக் கப்பல் உள்ளே வருவது சுலபம், காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். வெளியே போவதுதான் பாடு. எதிர்காற்றில் பாய் விரித்து வளைந்து வளைந்து போக, பார்களுக்கு நடுவே இடம் கிடையாது. சில நாள், சில வாரம்கூட, கப்பல் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும்.

1598இல் டச்சுக்காரர்கள் முதலில் இறங்கியது இங்கேதான். இளவரசர் மௌரிட்ஸின் பெயரை நாட்டுக்கு வைத்ததும் அப்போதுதான். 1638இல் இதே விரிகுடாக் கரையில் கோட்டை கட்டிக் குடியேறினார்கள், 1710இல் விட்டுவிட்டுப் போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி 'இல் த பிரான்ஸ்' என்று பெயர் மாற்றினார்கள். 1735இல் ஆளுநராக வந்த மஹே த லா பூர்தொனே மாலுமி. காற்றின் கணக்கு அவருக்குத் தெரியும். தலைநகரும் கப்பல் துறையும் எதிர்ப்பக்கத்தில், காற்று மறைந்த வடமேற்கில், போர் லூயியில் வளர்ந்தன. கிரான் போர் பின்வாசலாகிப் போனது. ஆனால் பின்வாசலைத் திறந்து போட முடியாது. ஒரு படை சுலபமாக உள்ளே வரக்கூடிய வாசல் என்பதாலேயே அங்கே காவல் தேவைப்பட்டது.

லா பூர்தொனே என்றதும் நமக்கு இன்னொரு ஞாபகம் வர வேண்டும். 1746இல் இந்தத் தீவிலிருந்து கப்பல்கள் திரட்டிக்கொண்டு போய் மெட்ராஸைப் பிடித்தவர் அவர்தான். மஹெபூர் என்ற ஊர்ப் பெயரும் அவர் பெயரிலிருந்து வந்தது, ஆளுநர் தெகான் 1800களின் தொடக்கத்தில் வைத்தது. சோழமண்டலக் கரையில் புதுச்சேரியும் மெட்ராஸும் மாறி மாறி அடித்துக்கொண்ட அந்த நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர்களுக்குக் கப்பல் செப்பனிடவும் ஆள் தேற்றவும் இருந்த பின்தளம் இல் த பிரான்ஸ். 1761இல் புதுச்சேரி விழுந்தபோதும் இது விழவில்லை. பிறகு சுர்கூஃப் போன்ற பிரெஞ்சு மாலுமிகள் இங்கிருந்து புறப்பட்டு வங்காள விரிகுடாவில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களைக் கொள்ளையடித்தார்கள். 1800இல் 'கென்ட்' என்ற பெரிய கப்பலையே சுர்கூஃப் பிடித்தான். ஆங்கிலேயர்கள் கடைசியில் இந்தத் தீவின்மீது பாய்ந்ததற்குக் காரணம் இங்குள்ள கரும்பு அல்ல. மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போகும் பாதையில் தைத்த முள் இது.

தமிழருக்கும் இந்தக் கற்களுக்கும் உறவு அப்போதே தொடங்கிவிட்டது. புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களையும் தச்சர்களையும் கருமான்களையும் பிரெஞ்சுக் கம்பெனி இங்கே கொண்டுவந்தது. போர் லூயியின் கிழக்கே அவர்கள் இருந்த பகுதிக்கு 'கான் தே மலபார்' என்று பெயர். தமிழரைத்தான் மலபார் என்றார்கள். ஆனால் தீவின் கட்டட வேலையில் பெரும்பங்கு அடிமைகளாக மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்களின் உழைப்பு. 'இந்தத் தீவைக் கட்டியது நாங்கள்' என்று நம் மேடைகளில் சிலர் முழங்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இனி பீரங்கித் தளம் எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். அந்தக் காலத்து வெண்கல, இரும்புப் பீரங்கிகள் குறி பிசகுபவை. ஆடும் கப்பலிலிருந்து சுட்டால் குண்டு ஒன்று வானத்துக்குப் போகும், இன்னொன்று தண்ணீரில் விழும். கல் மேடையில் நின்று சுடுபவனுக்கு அந்த ஆட்டம் இல்லை. அதனால் கரையில் உள்ள ஒரு பீரங்கி, கப்பலில் உள்ள பல பீரங்கிகளுக்குச் சமம் என்று அக்காலப் படைவீரர்கள் கணக்குப் போட்டார்கள். இங்கே கூடுதல் வசதி ஒன்றும் உண்டு. லாபாஸ் குறுகியது. கப்பல்கள் பக்கவாட்டில் பரவி வர முடியாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வர வேண்டும். பாயைச் சுருக்கி, மெதுவாக, தீவை உரசிக்கொண்டு போக வேண்டும். அப்படி வரும்போது கப்பலின் மூக்குதான் முதலில் தீவைப் பார்க்கும், அதன் பீரங்கிகளோ பக்கவாட்டில். திருப்பிச் சுட முடியாத சில நிமிடங்கள் தீவின் கையில். பின்னால் திரும்பிப் போகவும் காற்று விடாது.

சூளையின் வேலை இன்னும் கொடூரமானது. மரக்கப்பலைச் சாதாரணக் குண்டு துளைக்கும், ஆனால் மூழ்கடிப்பது அபூர்வம். தச்சர்கள் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். அதே குண்டு சிவக்கக் காய்ந்து மரத்துக்குள் புதைந்தால் கதை வேறு. தார், கயிறு, பாய்த்துணி, வெடிமருந்து என்று கப்பலே ஒரு தீப்பெட்டி. சூளையில் குண்டுகளை ஒரு முனையில் போட்டால் சரிவான தடத்தில் உருண்டு, தீயின் வெப்பம் வளைகூரையில் மோதித் திரும்பும் பகுதியைக் கடந்து, சிவந்து மறுமுனைக்கு வரும். இடுக்கியால் எடுத்து ஓட வேண்டும். பீரங்கிக்குள் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே ஈரமான களிமண்ணோ நனைந்த துணியோ திணிக்காவிட்டால் வெடிப்பது எதிரிக் கப்பல் அல்ல.

இவ்வளவு இருந்தும் இந்தத் தளத்துக்கு ஒரு பெரிய ஓட்டை. தீவில் ஊற்று கிடையாது, தொட்டியில் தேங்கும் மழைத் தண்ணீர்தான். அரிசி, விறகு, மருந்து எல்லாம் கரையிலிருந்து படகில் வர வேண்டும். கரை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் தயவில்தான் தீவு. 1810 ஆகஸ்டில் நடந்ததை இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் தெளிவாகும்.

அந்த ஆண்டு ஜூலையில் ஆங்கிலேயர்கள் பக்கத்து ரீயூனியனை, அன்றைய பூர்பனை, மெட்ராஸ் சிப்பாய்களின் துணையோடு பிடித்துவிட்டார்கள். அடுத்தது இல் த பிரான்ஸ். பெரும் படை வந்து சேரும்வரை துறைமுகங்களை அடைத்துவைக்க எண்ணிய கேப்டன் பிம், ஆகஸ்ட் 13ஆம் தேதி இரவில் சில படகுகளை இல் த லா பாஸுக்கு அனுப்பினார். இருட்டில் கைகலப்பு. தலைமை தாங்கி வந்த லெப்டினன்ட் நார்மன் இறந்து விழுந்தார். ஆனாலும் தீவு கைமாறியது. கப்பலை எதிர்பார்த்து வைத்த பெரிய பீரங்கி, சுவர் ஏறும் ஆளிடம் என்ன செய்யும்?

தீவு கேப்டன் வில்லோபியின் பொறுப்பில் வந்தது. அவருடைய கப்பல் 'நெரேயிட்'. அதில் சிறு எண்ணிக்கையில் மெட்ராஸ் பீரங்கிப் படையினரும் இருந்தார்கள். உடனே 'நம்மவர்கள்' என்று மார்தட்ட வேண்டாம். கம்பெனியின் பீரங்கிப் படையில் சுடுபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். பீரங்கியை இழுத்துத் தள்ளும் லஸ்கார்களே இந்தியர்கள்.

ஆகஸ்ட் 20ஆம் தேதி அடிவானத்தில் ஐந்து பாய்க்கூட்டம். பிரெஞ்சுத் தளபதி துப்பெரேயின் 'பெலோன்', 'மினெர்வ்', 'விக்தோர்' ஆகிய கப்பல்களும், கொமொரோ தீவுகளுக்கு அருகே அவர் பிடித்த 'சிலோன்', 'விண்டம்' என்ற கம்பெனிக் கப்பல்களும். அந்த இரண்டும் ஆப்பிரிக்காவின் தென்முனையான கேப்பிலிருந்து மெட்ராஸுக்கு ஆங்கிலப் படைவீரர்களை ஏற்றிப் போனவை. வில்லோபி ஒரு தந்திரம் செய்தார். தீவிலும் நெரேயிட்டிலும் பிரெஞ்சுக் கொடி ஏற்றினார். எதிரி வடக்கே க்வான் த மீர் தீவுப் பக்கம் சுற்றுகிறான் என்று பிரெஞ்சுச் சைகையும் காட்டச் செய்தார். அப்போதைய கப்பல்களைத் தோற்றத்தை வைத்து யாருடையது என்று சொல்லிவிட முடியாது. நெரேயிட்டே பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது. அவர்களுடைய மினெர்வ் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது. கொடி ஒன்றுதான் சாதிச் சான்றிதழ்.

விக்தோர் நம்பி உள்ளே வந்தது. கொடிகள் மாறின, பீரங்கிகள் முழங்கின. அந்த நொடியில் தீவில் ஒரு விபத்து. அவசரத்தில் இறக்கிய பிரெஞ்சுக் கொடி எரியும் திரியின்மேல் விழுந்து பற்றிக்கொண்டது. பக்கத்தில் அடுக்கியிருந்த மருந்துப் பொதிகள் வெடித்தன. சிலர் இறந்தார்கள், பலர் கருகினார்கள், பீரங்கிகள் சில மேடையிலிருந்து புரண்டு விழுந்தன. இதற்குள் மினெர்வும் சிலோனும் வாசலுக்குள் வந்துவிட்டன. திரும்ப முடியாது, காற்று முதுகில். திரும்ப முடியாததே அவர்களைக் காப்பாற்றியது. நேராக உள்ளே ஓடிவிட்டார்கள். பெலோனும் பின்தொடர்ந்தது. விண்டம் மட்டும் விலகிப் போய்ப் பிறகு ஆங்கிலேயர் கையில் சிக்கியது.

வாசற்காவல் கையில் இருந்தும் நான்கு கப்பல்கள் உள்ளே போய்விட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே போன துப்பெரே தன் கப்பல்களைக் கரையோரம், மணல்திட்டுகளுக்குப் பின்னால், வரிசையாக நங்கூரமிட்டார். வழியைக் காட்டும் மிதவைகள் இடம் மாற்றப்பட்டன. தெகான் போர் லூயியிலிருந்து தரைவழியாக ஆட்களை அனுப்பினார்.

23ஆம் தேதி மாலை நான்கு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் தாக்க வந்தன. பிம்மின் 'சிரியஸ்', கர்ட்டிஸின் 'மஜிசியென்', லேம்பர்ட்டின் 'இஃபிஜெனியா', வில்லோபியின் நெரேயிட். வழி தெரிந்த ஆள் நெரேயிட்டில்தான் இருந்தார். சிரியஸ் முந்தின நாளே ஒரு முறை தரைதட்டி மீண்டிருந்தது. இப்போது மறுபடி தட்டியது. மஜிசியெனும் தட்டியது, அதன் பீரங்கிகளில் சில மட்டுமே எதிரியை நோக்கி இருந்தன. இஃபிஜெனியாவுக்கும் எதிரிக்கும் நடுவில் திட்டு. கடைசியில் நெரேயிட் தனியாக அடி வாங்கியது. அதில் இருந்த சுமார் 280 பேரில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். வில்லோபிக்கு ஒரு கண் போனது. எதிர்ப்பக்கத்தில் துப்பெரேயும் முகத்தில் அடிபட்டுச் சாய்ந்தார், பூவே தலைமை ஏற்றார். இரு தளபதிகளையும் கரையில் ஒரே வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். மஹெபூருக்குள் நுழையும்போது சாலையோரம் மரங்களுக்குள் தெரியும் அந்த வீடுதான் இப்போதைய தேசிய வரலாற்று அருங்காட்சியகம். விரிகுடாவின் அடியிலிருந்து எடுத்த பொருள்களும் அங்கேதான் இருக்கின்றன.

நகர முடியாத மஜிசியெனையும் சிரியஸையும் அவற்றின் மாலுமிகளே தீ வைத்துக் கொளுத்தினார்கள். இரு கப்பல்களின் ஆட்களும் இல் த லா பாஸில் ஏறினார்கள். மிஞ்சியது இஃபிஜெனியா. அது தீவுக்குப் போய்ச் சேர்ந்த விதம் இந்த விரிகுடாவின் சுபாவத்தை அப்படியே சொல்கிறது. நங்கூரத்தைப் படகில் முன்னே கொண்டுபோய்ப் போடுவார்கள். பிறகு கப்பலில் உள்ள சுழலியில் கயிற்றைச் சுற்றிக் கப்பலையே நங்கூரம்வரை இழுப்பார்கள். மறுபடி நங்கூரத்தைத் தூக்கி முன்னே போடுவார்கள். சில கிலோமீட்டருக்கு இப்படி, எதிர்காற்றில், நாள் கணக்கில்.

வந்து சேர்ந்தபோது என்ன இருந்தது? ஒரு சின்னப் பாறை, அதில் நூற்றுக்கணக்கான ஆட்கள், குறைந்துகொண்டே போகும் தண்ணீர், தீர்ந்துகொண்டிருக்கும் குண்டு. உள்பக்கம் துப்பெரேயின் கப்பல்கள். 27ஆம் தேதி வெளிப்பக்கத்திலும் ஆம்லென் தளபதியின் கப்பல்கள் போர் லூயியிலிருந்து வந்து நின்றன. மறுநாள் காலை லேம்பர்ட் சரணடைந்தார். இரண்டு வாரத்தில் தீவு இரண்டாம் முறை கைமாறியது. ஆங்கிலேயர்கள் இழந்தது நான்கு போர்க்கப்பல்கள், நூறு உயிருக்கு மேல். சிறைப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர்.

இரண்டு முறையும் பீரங்கிச் சண்டையில் தீவு தோற்கவில்லை என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகவே படுகிறது. முதல் முறை இருட்டில் வந்த படகு, இரண்டாம் முறை தாகம். அந்த மேடைகளில் நின்ற பீரங்கிகள் சுட்டு ஒரு கப்பலும் அந்த வாரத்தில் மூழ்கவில்லை. நான்கு கப்பல்களின் கதையை முடித்தது பவளமும் மணலும் காற்றும். பிரெஞ்சுக்காரர்கள் கடைசிவரை நன்றாகச் சண்டை போட்டார்கள், சந்தேகமில்லை. ஆனால் வெற்றி வளைவில் செதுக்கும்போது ஒரு திட்டின் பெயரையும் சேர்த்திருக்கலாம்.

வெற்றி மூன்று மாதம்தான் நீடித்தது. நவம்பர் 29ஆம் தேதி ஆங்கிலேயர்கள் மறுபடி வந்தார்கள். இம்முறை கிரான் போர் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. வடக்கு முனையில் காப் மலரே அருகே, பீரங்கி மேடைகள் பார்க்காத கரையில், மெட்ராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களின் சிப்பாய்களும் சேர்ந்த பெரும் படை இறங்கியது. டிசம்பர் 3ஆம் தேதி தெகான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். குடிமக்களின் சட்டமும் வழக்கமும் மதமும் தொடரும் என்று அதில் எழுதப்பட்டது. ஆங்கிலேயர் ஆண்ட நாட்டில் நாம் இன்னமும் கிரியோலும் பிரெஞ்சும் பேசி, நீதிமன்றத்தில் பிரெஞ்சுச் சட்டத்தின் சாயலைப் பார்ப்பதற்கு வேர் அங்கே.

பிறகு இல் த லா பாஸை ஆங்கிலேயர்கள் வைத்துக்கொண்டார்கள். காவலுக்கு வந்த வீரர்களுக்குப் பொழுது போகவில்லை என்பது சுவர்களைப் பார்த்தாலே தெரியும், கல்லில் பெயர்களும் தேதிகளும் வெட்டியிருக்கிறார்கள். 1864இல் பக்கத்துத் தீவான இல் ஓ ஃபூக்கேயில் கலங்கரை விளக்கம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் மறுபடி வீரர்கள் வந்து இன்னும் சில பெயர்களை வெட்டினார்கள். கரையில், மஹெபூரின் புவேன்த் தே ரெகாத்தில், இரு தரப்பிலும் இறந்தவர்களுக்குச் சேர்த்து ஒரு நினைவுத் தூண் இருக்கிறது. திங்கட்கிழமைச் சந்தைக்கு வருகிறவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்துதான் பருப்பு வைத்த 'தோல் பூரி' தின்கிறார்கள்.

பாரும் காற்றும் தங்கள் வேலையை நிறுத்திவிடவில்லை. 2020 ஜூலை 25ஆம் தேதி இரவு, ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள 'வகாஷியோ' என்ற சரக்குக் கப்பல், மஹெபூருக்குத் தெற்கே புவேன்த் தெஸ்னிக்கு வெளியே பாரில் ஏறி நின்றது. அதில் செயற்கைக்கோள் வழிகாட்டியும் ரேடாரும் இருந்தன. ஆகஸ்ட் 6ஆம் தேதி வயிறு கிழிந்து எண்ணெய் கசியத் தொடங்கியது. சுமார் 1,000 டன் லகூனுக்குள் வந்தது. தென்கிழக்குக் காற்று அதைக் கரையோரமாக, துப்பெரேயின் கப்பல்களை உள்ளே தள்ளிய அதே திசையில், வடக்கே தள்ளியது.

அந்த நாட்களில் மஹெபூர் கடற்கரையே ஒரு பட்டறை ஆனது. கரும்புத் தோகையைத் துணிக்குள் திணித்து, தைத்து, காலிப் பிளாஸ்டிக் போத்தல்களைக் கட்டி மிதக்கவிட்டு, மிதக்கும் தடுப்புகள் செய்தோம். கோவில்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், மீனவர்கள், தோட்டத்து ஆட்கள், யார் எவர் என்ற பேச்சில்லை. பிரோக் படகு ஓட்டும் கிழவர் ஒருவர், எந்தத் தடுப்பை எங்கே கட்டினால் நீரோட்டம் இழுத்துப் போகாது என்று மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். திட்டுகளை எல்லாம் பெயர் சொல்லிக் குறித்தார். வாசலுக்கு வந்ததும் ஒரு கூழாங்கல்லை எடுத்து அங்கே வைத்தார். அதுதான் இல் த லா பாஸ்.